வெறுங்கொக்கியின் எடை

கொக்கியில் எதுவும் மாட்டவில்லை. திரையோ அறுபத்துநான்கு கிலோ என்றது.

டவர் கிரேன் ஆபரேட்டர் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். விடிந்து ஒரு மணி நேரமாகியும் பனிமூட்டம் விலகவில்லை. கேபினுக்குக் கீழே கட்டடமும் தரையும் தெரியாமல் ஒரே வெள்ளையாய் அடைத்துக் கிடக்க, கிரீஸ் வாடையும் ஈர இரும்பின் வாடையும் கண்ணாடி இடுக்கு வழியே கசிந்து வர, கம்பிவடம் மட்டும் பாரம் தாங்கும்போது முனகுவதுபோல மெல்ல முனகிக்கொண்டிருந்தது.

வாக்கி டாக்கியை எடுத்தார். கீழே சிக்னல் கொடுப்பவன் அவர் மனைவியின் தம்பி.

"மாப்ள, கொக்கியில என்னடா மாட்டியிருக்கே?"

"ஒண்ணுமில்ல மாமா, பாரம் கட்டுற வெறும் பெல்ட்டுதான் தொங்குது. அக்கா சமையல்ல வெயிட் போட்டது நீங்கதான், கொக்கி இல்ல."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. குறுக்கே என்ஜினியரின் குரல் புகுந்தது. "சென்சார்ல ஈரம் பட்டிருக்கும்பா. அலாரத்தை ஆஃப் பண்ணிட்டு கம்பிக்கட்டை ஏத்து."

மூன்று வாரத்துக்கு முன்பும் இதையேதான் சொன்னார். அளவை மீறிய பாரம் என்று அலாரம் அலற, சாவியைத் திருப்பி அதன் வாயை அடைத்தது ஆபரேட்டர்தான். பெல்ட் அறுந்தது. கீழே குனிந்து கம்பி கட்டிக்கொண்டிருந்தவனுக்கு நிமிர்ந்து பார்க்கக்கூட நேரமில்லை. விபத்துக்குக் காரணம் 'திடீர்க் காற்று' என்ற அறிக்கையில், வேலைக்குப் பயந்து இவரும் கையெழுத்துப் போட்டார்.

"மாட்டேன் சார். காரணம் தெரியாம தூக்க மாட்டேன்."

"யாருகிட்ட பேசுறேன்னு தெரியுதா?"

"தெரியுது சார். அன்னிக்கே இப்படிப் பேசியிருக்கணும். மாப்ள, எல்லாரையும் வெளிய கூட்டிட்டுப் போ."

சிவப்புப் பொத்தானை ஓங்கி அழுத்தினார். மோட்டார் அடங்கியது. திரை அணைந்தது. மூன்று வாரத்தில் முதல்முறையாக நெஞ்சு லேசானது.

சற்று நேரத்தில் மைத்துனன் பேசினான். "எல்லாரும் கேட்டுக்கு வெளிய வந்தாச்சு மாமா. நீங்களும் இறங்கி வாங்க."

எழுந்தார். முனகல் நிற்கவில்லை.

மோட்டார் ஓடவில்லை. கம்பிவடம் ஓடியது. மேல்நோக்கி.

"மாமா..." என்றான் மைத்துனன். "வடம் ஓடுற சத்தம் கேக்குது. ஏன் தூக்குறீங்க?"

"நான் தூக்கலடா."

பனிக்குள் ஒரு கறுப்பு. முதலில் கொக்கி. அதன் கீழ் பெல்ட். பெல்ட்டுக்குள் ஓர் ஆள். ஹெல்மெட் நசுங்கிப் புருவம்வரை இறங்கியிருந்தது.

கண்ணாடிக்கு நேரே வந்து நின்றான், அன்று குனிந்து கம்பி கட்டிக்கொண்டிருந்தவன்.

வலது கையை உயர்த்தினான். ஆள்காட்டி விரல் வானத்தைக் காட்டி, நிதானமாக, வட்டம் போட்டது. தூக்கு என்று சொல்லும் சைகை.

இன்னும் என்னத்தைத் தூக்க?

குனிந்து பார்த்தார்.

அவன் கணுக்காலை ஒரு கை பற்றியிருந்தது. அந்தக் கைக்குக் கீழே நசுங்கிய இன்னொரு ஹெல்மெட். அவன் காலில் இன்னொரு கை. இன்னொரு ஹெல்மெட். பனிக்குள் இறங்கி, இறங்கி, முடியாத வரிசை.

ஒவ்வொருவனின் மறு கையும் உயர்ந்திருந்தது. ஒவ்வொரு விரலும் சுற்றிக்கொண்டிருந்தது.