முன்னச்ச அலை

காப்பீட்டு ஆபீசில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தே பழகிய நறுமுகைக்கு இந்தப் பக்கத்து நாற்காலி முள்ளாய்க் குத்தியது. எதிரே சேவியர். நேற்றுவரை அவளுடைய பக்கத்து இருக்கைக்காரர், இன்று அவள் புருஷனின் மனுவை விசாரிக்கிற அதிகாரி. வந்ததும் வராததுமாகக் காபி வாங்கிக் கொடுத்தார். அதுவே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. மனுவை மறுக்கப்போகிற அன்றைக்குத்தான் அவளும் காபி வாங்கிக் கொடுப்பாள்.

புருஷன் தீபன் நிலவிலுள்ள மருத்துவமனையில் கிடந்தான். அவன் போன ஊர்தி நிலவில் இறங்குகையில் கவிழ்ந்து அவன் இடுப்பு நொறுங்கிவிட்டது. இன்னும் சில வாரம் அங்கேயே கிடந்தால் எலும்பு தேய்ந்து பூமியில் நிற்கவே தாங்காது, அப்புறம் ஆயுசுக்கும் நிலவுதான். இப்படிப் படுத்த படுக்கையாகிவிட்டால் அழைத்துவரத்தான் பயணக் காப்பீடு எடுத்திருந்தான். மனு ஒருமுறை திரும்பி வந்துவிட்டது, இது மறுவிசாரணை. மறுத்ததற்குக் காரணம், முன்னச்சம்.

கெடுதல் வரப்போவதை மனசுக்கு முன்பே உடம்பு மோப்பம் பிடித்துவிடுகிறதாம். நாடித்துடிப்பில் தனியாக ஓர் அலை எழும்பும். அதைப் பதிவுசெய்கிற அச்சமானியைக் கட்டாத மணிக்கட்டே இப்போது ஊரில் கிடையாது. புறப்படும்போது அலை எழுந்திருந்தால் ஆபத்து தெரிந்தே போனீர்கள் என்று அர்த்தம், தெரிந்தே போனவருக்கு இழப்பீடு இல்லை. எவ்வளவு நியாயமான விதி என்று நறுமுகையே எத்தனை பேரிடம் வாயடித்திருக்கிறாள்! அழுதவர்களைப் பார்த்து, ‘என்னமா நடிக்கிறாங்க’ என்று சேவியரிடமே சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

“தீபன் சார் வாசப்படி இறங்குறப்ப அலை எழும்பியிருக்கு மேடம். நீங்களே பாருங்க,” என்று சேவியர் திரையைத் திருப்பினார்.

“அது அவரோட பயம் இல்ல சார், என்னோடது. அவர் கிளம்புற நேரம் பார்த்து மாடி வீட்டுக்காரர் தும்மினாரு. ஒத்தத் தும்மல். எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. கையைப் பிடிச்சு உள்ள இழுத்து, உட்கார வெச்சு, தண்ணி குடுத்து அனுப்பினேன். என் விரல் அவர் மானி மேல பட்டிருக்கு. அவர் சிரிச்சிக்கிட்டேதான் குடிச்சாரு.”

“நிலவுக்குப் போற காலத்துல தும்மலா மேடம்?”

“ஏன், உங்க வீட்ல என்ன பண்ணுவீங்க?”

சேவியர் தொண்டையைச் செருமினார். “தண்ணி குடிச்சிட்டுத்தான் கிளம்புவோம். சரி, அலை ஆளுக்கு ஆள் வேற வேற. உங்க மானியைக் கழட்டிக் குடுங்க, ஒப்பிட்டுப் பார்த்துடலாம்.”

இவ்வளவு சுலபமாக இறங்கி வருகிற ஆளில்லையே இவர். உள்ளுக்குள் என்னவோ உறுத்தியது. ஆனால் அங்கே ஒருத்தன் எலும்பு தேயக் கிடக்கிறானே. அவள் கழற்றிக் கொடுத்தாள்.

இரண்டு அலையும் அச்சு அசலாகப் பொருந்தின.

“மனு ஏத்துக்கிட்டாச்சு. சார் வந்துடுவாரு,” என்றார் சேவியர். நறுமுகைக்குக் கண்ணில் நீர் முட்டியது. நல்ல மனுஷரைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

அவர் திரையை மூடவில்லை.

“இதே அலை உங்க மானியில இன்னும் நிறைய இடத்துல இருக்கு மேடம். எல்லாம் ஆபீஸ் நேரம். போன மாசம் கைக்குழந்தையோட வந்து அழுததே ஒரு பொண்ணு, அப்ப. அந்த ரிட்டயர்டு வாத்தியார் வந்தப்ப. ஒவ்வொரு தடவையும் மறுப்புப் பொத்தானை அமுக்குறதுக்குக் கொஞ்சம் முன்னாடி.”

நறுமுகை வெறும் மணிக்கட்டை மறு கையால் மூடிக்கொண்டாள்.

“அவங்க சொன்னது நிஜம், நம்ம பண்றது கெடுதல்னு உங்க உடம்புக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சே செஞ்சா கம்பெனி பொறுப்பேத்துக்காது, விதி உங்களுக்குத் தெரியாததா? மனுவை மறுத்ததுக்காக அவங்க கம்பெனி மேல போட்ட வழக்கெல்லாம் இனிமே உங்க தலையில. இந்தப் பதிவை உங்ககிட்டேருந்து எப்படி வாங்குறதுன்னுதான் மேலிடத்துல யோசிச்சிட்டு இருந்தாங்க.”

காபி ஆறி ஏடு கட்டியிருந்தது. நறுமுகை நிமிர்ந்து அவர் மணிக்கட்டைப் பார்த்தாள்.

“இதை என்கிட்ட சொல்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி உங்க மானியில என்ன பதிஞ்சிருக்கு சார்?”

சேவியர் சட்டையின் கையை மானி மறைய இழுத்துவிட்டுக்கொண்டார்.