நுரைராணி யாருக்குச் சொந்தம்?

"ஆ...ஆ...!"

குளியலறையிலிருந்து வந்த அலறல் பாதியில் அறுந்தது.

அறுந்ததுதான் பயமாக இருந்தது!

கூடத்தில் அச்சகத்துத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்த புரூஃப் ரீடர், பேனாவைப் போட்டுவிட்டு ஓடினார்.

நுரைராணி வாஷிங் மெஷின் சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் காலடியில் அவர் மனைவி கிடந்தாள். ஈரத் தரை. விரல்களுக்குள் அவருடைய சட்டைக் காலர்.

குனிந்தவரைப் பின்னாலிருந்து ஒரு கை வெடுக்கென்று இழுத்தது. அலறல் கேட்டு ஓடி வந்த பக்கத்து வீட்டு நர்ஸ்!

"தொடாதீங்க! மெயினை ஆஃப் பண்ணுங்க முதல்ல!"

பண்ணினார்.

நர்ஸ் அவள் நெஞ்சை அழுத்தினாள்... அழுத்திக்கொண்டே இருந்தாள்... பிறகு கையை எடுத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் எழுந்தாள்.

மெஷினுக்குள் சட்டைகள் நுரையோடு ஊறிக் கிடந்தன. அவற்றை யார் அலசுவது என்று அவர் யோசித்தார். அந்த நேரத்தில் அவருக்கு வந்த ஒரே யோசனை அதுதான்.

உடலை எடுத்துப் போன பிறகு இன்ஸ்பெக்டர் குளியலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"மெஷின் ரிப்பேரா இருந்துச்சா?"

"நேத்துதான் நுரைராணி கம்பெனி ஆள் வந்து சரி பண்ணாங்க சார். ஹீட்டர் மாத்தணும்னு சொன்னாங்க."

"எவ்வளவு ஆச்சு?"

"புது மெஷின் விலையில பாதி! வந்து பார்த்ததுக்குத் தனி, கழட்டினதுக்குத் தனி, திரும்ப மாட்டினதுக்குத் தனி... சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு இவ மெக்கானிக் மூஞ்சிக்கு நேராவே சொன்னா."



"அதை வெளி ஆள்கிட்ட கொடுத்திருக்கலாமே?"

"வேற எவன்கிட்டயும் இதுக்கு பார்ட் கிடைக்காது சார். இவங்க வச்சதுதான் விலை."

வாசலில் ஒரு கார் கிறீச்சிட்டது.

"ஐயோ... என் தங்கச்சி!"

அவள் அண்ணன் புயலாக உள்ளே வந்தார். வந்த வேகத்தில் புரூஃப் ரீடரின் சட்டையைப் பிடித்தார்.

"மாப்பிள்ளை! ரிப்பேர் காசுக்கு மூக்கால அழுதீங்களே! கடைசியில அவளையே முடிச்சிட்டீங்களா?"

"மச்சான்... என்ன பேசறீங்க?"

"சார், இவர் எச்சில் கையால காக்கா ஓட்டாத ஆள்! நேத்து வீட்டுல ஒரே சண்டை!"

இன்ஸ்பெக்டர் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் தரையைப் பார்த்தாள்.

"சத்தம் கேட்டுச்சு சார். ஆனா அது... மெக்கானிக்கோட."

"சத்தம் சத்தம்தான்." இன்ஸ்பெக்டர் எழுந்தார். "மிஸ்டர், வீட்டுல இருந்தது நீங்க ரெண்டு பேர். ஒருத்தர் போயாச்சு. மெஷின்ல யாரோ கை வச்சிருக்காங்க. அது யார் கைன்னு தெரியற வரைக்கும் என் ஜீப்ல உங்களுக்கு இடம் போட்டு வச்சிருக்கேன்."

"என் பொண்டாட்டி சார் அவ..."

"எனக்கு வர்ற முக்கால்வாசி கேஸ் அப்படித்தான் ஆரம்பிக்குது!"

புரூஃப் ரீடர் மெஷினைக் காட்டினார்.

"புகார் எழுதிக்கோங்க சார். நுரைராணி ஓனர் மேல. அது யாரா இருந்தாலும் சரி... விடாதீங்க!"

"எழுதிக்கங்க," என்றார் இன்ஸ்பெக்டர் ஏட்டிடம்.

சற்று நேரத்தில் மெக்கானிக்கைக் கொண்டு வந்தார்கள். மெஷினின் முதுகைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினான்.

உள்ளே எர்த் வயர் எதிலும் சேராமல் தொங்கிக்கொண்டிருந்தது!

"இது யார் வேலைடா?"

"நான்தான் சார்... ஹீட்டர்ல கரண்ட் கசியுது, எர்த் இருந்தா ஃப்யூஸ் போயிடும்."

"புது ஹீட்டருக்கு ஏன்டா ஃப்யூஸ் போகுது?"



இன்ஸ்பெக்டர் லத்தியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். அவ்வளவுதான்.

"புதுசு இல்ல சார்! ஒரு வீட்டுல கழட்டினதை விளக்கித் துடைச்சு அடுத்த வீட்டுல மாட்டுவோம். அதான் பழைய பார்ட்டைக் கையோட வாங்கிட்டு வரணும்னு ரூல். புதுசா எதுவும் வர்றதில்லை சார். ஆபீஸ் ஆர்டர்!"

"இது எங்கே கழட்டினது?"

மெக்கானிக் மெதுவாக விரலை நீட்டினான்.

அவள் அண்ணனை நோக்கி!

"இந்த சார் வீட்டுல... நேத்து காலையில. அந்த வீட்டுக்கு மட்டும் எப்பவும் புதுசு போடணும்னு ஆர்டர் சார்."

அண்ணனின் அழுகை சட்டென்று நின்றது.

புரூஃப் ரீடர் அவரையே பார்த்தார். பிழை இருக்கும் வரியைப் பார்ப்பது போல.

"உங்க வீட்டுக்கு மட்டும் ஏன் மச்சான்?"

"எனக்கென்ன தெரியும்?"

இன்ஸ்பெக்டர் நுரைராணி ஆபீசுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரை அழுத்தினார்.

"உங்க கம்பெனி யாரோடதும்மா?"

"எந்தக் கம்பெனி சார்?" என்றது ஒரு பெண் குரல். "மெஷின் செஞ்சது ரெண்டு சகோதரர்கள். சண்டை போட்டு வித்துட்டாங்க. வாங்கின பெரிய கம்பெனி ஃபேக்டரியை மூடிட்டு அதுவும் திவாலாயிடுச்சு. பேங்க் ஏலத்துல பேரை மட்டும் ஒருத்தர் எடுத்தாங்க."

"பேரை வச்சு என்ன பண்றது?"

"ரிப்பேர் சார்! ஊர் முழுக்கப் பழைய மெஷின் இருக்கே! செய்யறதை விட சரி பண்றதுலதான் காசு."

"அந்த ஒருத்தர் யாரு?"

"ஒரு மேடம் சார். நாங்க பார்த்ததே இல்லை. ஆர்டரெல்லாம் மெசேஜ்லதான் வரும்."

பெயரைச் சொன்னாள்.



அது புரூஃப் ரீடருடைய மனைவியின் பெயர்!

வரி கிரி என்று ஏதோ சொல்லி அண்ணன் நீட்டிய தாள்களில், அடுப்பைத் தணித்துவிட்டு வந்து, படிக்காமலே அவள் கையெழுத்துப் போட்டது நினைவுக்கு வந்தது. 'அண்ணன் கேட்டா ஏன் எதுக்குன்னா கேக்க முடியும்?' என்று சிரித்தாள்.

தன்னுடைய கம்பெனிக்கே பாதி விலை கொடுத்து... தன்னுடைய சாவை வாங்கியிருக்கிறாள்!

"மச்சான்... சொல்லுங்க. சார்கிட்ட உண்மையைச் சொல்லுங்க. அவ உங்க தங்கச்சி!"

அண்ணன் கைக்குட்டையால் கண்களை ஒற்றினார். நிதானமாக மடித்துப் பையில் வைத்தார்.

"எல்லாம் தங்கச்சி பிசினஸ் சார். நான் அதுல தலையிடறதே இல்லை. அண்ணன் வீட்டுக்கு மட்டும் புதுசு போடச் சொல்லியிருக்கா பாருங்க... அவ்வளவு பாசம் என் மேல!"

"பொய் சார்! இவர்தான்..."

"பேப்பர்ல என் பேர் இருக்கா மாப்பிள்ளை?"

இல்லை.

வாழ்நாளெல்லாம் பிறர் பிழைகளைத் திருத்தியவர் புரூஃப் ரீடர்... இதைத் திருத்த அவரிடம் மை இல்லை.

இன்ஸ்பெக்டர் அண்ணனை நீண்ட நேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் எல்லாம் புரிந்திருந்தது. புரிந்து என்ன செய்ய? புரூஃப் ரீடர் பக்கம் திரும்பினார்.

"மிஸ்டர், உங்களுக்குக் குழந்தைங்க?"

"இல்லை சார்."

"அப்போ அவங்க போன நிமிஷத்திலிருந்து நுரைராணி உங்களுக்குத்தான் சொந்தம்."

ஏட்டு எழுதிய தாளை வாங்கி அவர் முன்னால் வைத்தார் இன்ஸ்பெக்டர். பேனாவையும் வைத்தார்.

"புகார் கொடுக்கறவரும் நீங்க... பதில் சொல்ல வேண்டிய ஓனரும் நீங்க. மையை மிச்சம் பிடிக்காதீங்க சார், ரெண்டு பக்கமும் கையெழுத்துப் போடுங்க!"