பூஜ்யத்தின் கழுத்தில் மஞ்சள் கயிறு

போன் அலறியது.

புவனா எடுக்கவில்லை. கம்ப்யூட்டர் திரையில் இருந்த ஒரு பூஜ்யத்தை முறைத்துக்கொண்டிருந்தாள்.

கோவையில் போலீஸ் குற்றப் புள்ளிவிவரப் பிரிவில் அவள் சப்-இன்ஸ்பெக்டர். லத்தியைப் பிடித்து வருஷக்கணக்காகிறது... இப்போது பிடிப்பதெல்லாம் எண்களைத்தான்.

இந்த மாதம் அவள் தலையில் கட்டப்பட்ட வேலை, செயின் பறிப்பு. புதுச் சட்டத்தில் பறிப்புக்கென்று தனிப் பிரிவு வந்துவிட்டது. பழைய சட்டத்தில் அது கிடையாது. ஒரு அதிகாரி திருட்டு என்று எழுதுவார், இன்னொருவர் வழிப்பறி என்று எழுதுவார். அதை அப்படியே கூட்டி இந்த வருஷத்தோடு ஒப்பிட்டால், தேங்காயையும் இளநீரையும் ஒரே குவியலில் எண்ணின கதையாகிவிடும். அதனால் பழைய எஃப்.ஐ.ஆர்.களை ஒவ்வொன்றாகப் படித்து, பறிப்புகளை மட்டும் தனியே பிரித்தாள்.

பிரித்ததும் எல்லா ஸ்டேஷனிலும் பழைய கணக்கும் புதுக் கணக்கும் ஏறக்குறைய ஒத்துப்போயின.

கணபதிப் பக்கம், புவனாவின் வீடு இருக்கிற ஏரியாவின் ஒரே ஒரு ஸ்டேஷனைத் தவிர. (பெயர் வேண்டாம். நமக்கு எதற்கு வம்பு!)

அங்கே பறிப்பு பூஜ்யம். செங்கோட்டையன் இன்ஸ்பெக்டராக வந்த நாளிலிருந்து பூஜ்யம். அதற்காக மேடையேறிப் பாராட்டுச் சான்றிதழ்கூட வாங்கிவிட்டார் மனிதர்.

போன் மறுபடியும் அலறியது. எடுத்தாள்.

சாட்சாத் அதே செங்கோட்டையன்!

"புவனா... மனச கெட்டியாப் புடிச்சுக்குங்க. அம்மா வண்டியில இருந்து உழுந்துட்டாங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள..."

புவனா திரையை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

பிணவறையில் அம்மா ராமாமணி கண்ணை மூடிக் கிடந்தாள். காலையில்தான் மகளுக்குப் போன் போட்டு, அரிசிம்பருப்பு ஆக்கி வைக்கிறேன், நேரத்தோடு வந்து சேர் என்று சொல்லியிருந்தாள்.

பின்கழுத்தில் ஒரு சிவப்புக் கோடு. தாலிக்கொடியைக் காணோம்.

செங்கோட்டையனிடம் எல்லாவற்றுக்கும் பதில் தயாராக இருந்தது. இது விபத்து. கழுத்துக் கோடு ஹெல்மெட் வார் இழுத்தது. கொடியை, விழுந்த இடத்தில் எந்தப் புண்ணியவானாவது எடுத்துக்கொண்டு போயிருப்பான்.

"ஹெல்மெட் வண்டிப் பெட்டிக்குள்ள பூட்டிக் கெடக்குதுங்க சார். இப்பத்தான் பாத்துட்டு வாரேன்."

அவர் அவசரமாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

நர்ஸ் ஒரு பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். அம்மாவின் துணிகள். ஜாக்கெட் தோள்பட்டையில் கிழிந்திருந்தது. கிழிசலில் ஒரு ஊக்கு... வளைந்து, வாய் பிளந்து தொங்கியது.

புவனா கிழிசலை விரலால் விரித்துப் பார்த்தாள்.

அந்த ஊக்கை மாட்டச் சொன்னதே அவள்தான். கொடியை ஜாக்கெட்டோடு சேர்த்து ஊக்குப் போட்டுக்குங்கம்மா, எவனாலும் இழுக்க முடியாது என்று சொல்லியிருந்தாள். போலீஸ்காரப் பெண்ணின் பேச்சாயிற்றே... அம்மா தட்டவில்லை. ஊக்கு கொடியை விடவில்லை. இழுத்தவனும் விடவில்லை. நடுவில் அம்மா, வண்டியோடு தார் ரோட்டில்.

சுவரில் சாய்ந்து, யூனிஃபார்மோடு, வாய்விட்டு அழுதாள்.

வீட்டில் அப்பா கண்ணையா அழவில்லை. பூஜை அறையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"வெறுங்கழுத்தோட உங்கம்மாள அனுப்ப மாட்டேன் கண்ணு."

மஞ்சள் கயிற்றில் ஒரு விரலி மஞ்சளைக் கட்டி எடுத்துவந்தார். கல்யாணத்தன்று கட்டிய அதே கழுத்தில் மறுபடியும் கட்டினார். கடைசி முடிச்சு விழவேயில்லை. புவனாதான் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். இப்படி ஒரு தாலி கட்டுக்குத் துணை நிற்க வேண்டி வரும் என்று எந்த மகள் நினைத்திருப்பாள்!

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்... உறைந்தாள்.

சுற்றி அழுதுகொண்டிருந்த பெண்களில், பால்காரப் பூவாத்தாளின் கழுத்தில் மஞ்சள் கயிறு. அவளுக்கு அடுத்தவள் கழுத்திலும் மஞ்சள் கயிறு. கதவோரம் நின்றவள் கழுத்திலும்! கொடி போட்டிருந்த மற்றவர்களோ, அத்தனை பேரும் அதை ஜாக்கெட்டோடு ஊக்குப் போட்டிருந்தார்கள்.

பறிப்பே நடக்காத ஏரியாவில்!

"ஏனுங்க பூவாத்தாக்கா... உங்க கொடி எங்கீங்க?"

பூவாத்தாள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். பதில் வந்தது பக்கத்து வீட்டு ஜாஹிதாவிடமிருந்து. தெருமுனையில் தையல் கடை வைத்திருப்பவள்.

"தொலஞ்சு போச்சு கண்ணு. அப்படித்தான் ஸ்டேஷன்ல எழுதச் சொன்னாங்க. என் கருகமணியவும் ஒருத்தன் அறுத்துட்டுத்தான் போனான். பறிச்சான்னு எழுதுனா கோர்ட்டு கோர்ட்டா அலையோணும், தொலஞ்சதுன்னு எழுதுனா ஒடனே ரசீது தாரோம்னாங்க. நாங்க எல்லாருமே ரசீதுதான் வெச்சிருக்கோம்."

தெருமுனைப் பக்கம் கையைக் காட்டினாள்.

"இன்னைக்கும் அதே வண்டிதான் கண்ணு. சைலன்சர்ல கம்பி சுத்தியிருக்கும். கடையில இருந்து என் கண்ணால பாத்தேன்."

புவனாவுக்கு இப்போது அந்தப் பூஜ்யம் புரிந்தது. ரசீது குற்றக் கணக்கில் ஏறாது. எஃப்.ஐ.ஆர். போட்டால்தான் ஏறும். அங்கே குற்றம் குறையவில்லை... எண்ணுவதை நிறுத்தியிருக்கிறார்கள்! முதல் செயினுக்கே வழக்குப் போட்டு அவனைத் தேடியிருந்தால், அம்மா இந்நேரம் அடுப்படியில் நின்று அவளைத் திட்டிக்கொண்டிருப்பாள்.

ஜாஹிதாவின் சாட்சியத்தையும் அந்த ஊக்கையும் எடுத்துக்கொண்டு புவனா மேலிடத்துக்குப் போனாள். விபத்து, கொலை வழக்கானது. கம்பி சுற்றிய சைலன்சர் உடுமலைப்பேட்டையில் சிக்கியது. ஓட்டியவனின் பாக்கெட்டில் அம்மாவின் கொடி இருந்தது. இரண்டு தட்டுத் தட்டுவதற்குள் பழைய பறிப்புகளையும் ஒன்று விடாமல் ஒப்பித்துவிட்டான்.

செங்கோட்டையன் அவளை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி, நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அநியாயத்துக்கு அன்பாகப் பேசினார்.

"ஆளப் புடிச்சாச்சு. இனி மனசத் தேத்திக்குங்க. ஆனா ஒண்ணுங்க புவனா... ஒரு எஃப்.ஐ.ஆர்.ல எத்தன பிரிவு இருந்தாலும், எது பெருசோ அதுல ஒருக்காத்தான் எண்ணோணும். ஸ்டேஷன்காரங்களுக்குக் கணக்கு ட்ரெய்னிங் எடுத்தப்ப நீங்கதான சொன்னீங்க? கொலை ஒண்ணு. பறிப்பு... அதே பூஜ்யந்தான்."

உண்மைதான். விதி அதுதான். எல்லா ஊரும் எல்லா வருஷமும் ஒரே மாதிரி எண்ணினால்தான் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட முடியும். அம்மாவுக்காக அதை அவள் வளைக்க முடியாது. கொலைக் கட்டத்தில் ராமாமணி ஒரு 'ஒன்று' ஆகிவிட்டாள். அவள் செயினுக்கும் ஊக்குக்கும் எந்தக் கட்டத்திலும் இடமில்லை. புவனாவின் கண் நிறைந்தது.

"விதிய நான் வளைக்க மாட்டேனுங்க சார். வெளிய கொஞ்சம் பாருங்க."

எட்டிப் பார்த்தார்.

ஸ்டேஷன் வாசலிலிருந்து தெருவோர வேப்பமரம் வரை வரிசையாகப் பெண்கள். முன்னால் பூவாத்தாள், முந்தானை விலக்கி, மஞ்சள் கயிறு தெரிய நின்றாள். பக்கத்தில் ஜாஹிதா. ஒவ்வொருத்தி கையிலும் புதுசாக எழுதிய ஒரு புகார். பறித்தவனே ஒப்புக்கொண்ட பிறகு எதையும் திருப்பி அனுப்ப முடியாது. ஆளுக்கொரு எஃப்.ஐ.ஆர்.!

செங்கோட்டையனுக்கு வியர்த்தது.

"இதெல்லாம் எப்பவோ நடந்ததுங்க. இந்த மாசக் கணக்குல எப்படி வரும்?"

"நடந்த தேதி இல்லீங்க சார், பதிவாகுற தேதிதான் கணக்கு. பழசு இப்பத்தான் பதிவாச்சுன்னு அடியில ஒரு குறிப்பும் போட்டுருவேன், படிக்கறவங்க ஏமாறக் கூடாதுல்லீங்களா? இதையும் ட்ரெய்னிங்ல சொன்னேன். நீங்க அப்பத்தான் டீ குடிக்கப் போனீங்க."

அவர் நாற்காலியில் சரிந்தார். சுவரில் மாட்டியிருந்த பாராட்டுச் சான்றிதழைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"என் பூஜ்யம் போச்சே புவனா..."

புவனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேஜையில் கிடந்த ரசீதுப் புத்தகத்தை எடுத்து அவர் முன்னால் நகர்த்தினாள்.

"தொலஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுங்க சார். ஒடனே ரசீது தந்துருவாங்க."