பதினொரு விளக்கு, ஒரே சுவிட்ச்

வாருங்கள், வாசகரே! செய்தித்தாளின் மூலையில் நான்கு வரியில் மூடிப் புதைத்த ஒரு கொலையை உங்கள் கண்முன் தோண்டி எடுக்கிறேன். விபத்து என்றார்கள். விதி என்றார்கள். கையெழுத்திட்டுக் கோப்பையும் கட்டிவிட்டார்கள். நீங்களாவது சாட்சியாக நின்று, நடந்ததை நடந்தபடி பாருங்கள்.

கார்களுக்கு அலங்கார விளக்கு பொருத்தும் பட்டறை அது. கதவோரம், கால் வைக்கும் இடம், இருக்கையின் அடி என்று பதினொரு விளக்குப் பட்டைகளை ஒட்டி, அத்தனையையும் ஒரே சுவிட்சில் இணைத்துத் தருவார்கள். வயரிங் வேலை ஒட்டடை என்பவனுடையது. கூரையைத் தொடும் உயரமும் காற்றில் ஆடும் ஒல்லியும் வாங்கித் தந்த பட்டப்பெயர்.

மூன்று மாதத்துக்கு முன் தன் தங்கை கணவரின் காருக்கு அவனே விளக்குப் பொருத்தினான். பேட்டரியிலிருந்து வரும் வயரில் ஃப்யூஸ் வைத்தான். சோதித்தபோது அது போயிற்று. மாற்றினான், மறுபடியும் போயிற்று. எங்கோ ஒரு வயர் தோலுரிந்து இரும்பில் உரசுகிறது என்று அந்தச் சின்ன ஃப்யூஸ் செத்துச் செத்துச் சொன்னது. தேடிப் பிடிக்க அரை நாள் ஆகும். முதலாளி ஒரு துண்டுச் செம்புக் கம்பியை நீட்டினார்.

"ஃப்யூஸுக்குப் பதிலா இதைச் சொருகு. இது எரியவே எரியாது."

ஒட்டடை சொருகினான்.

இரண்டரை மாதம் கார் ஓடியது. கம்பி எரியவில்லை. மாப்பிள்ளை எரிந்தார். பூட்டுகளின் வயரும் உருகிக் கதவு திறக்காமல் போக, நடுச்சாலையில், பட்டப்பகலில், ஊரே வேடிக்கை பார்க்க எரிந்தார்.

ஒட்டடை வாய் திறக்கவில்லை. தங்கையின் முகத்தை நேராகப் பார்க்கவுமில்லை. பதினாறாம் நாள் அதே பட்டறைக்கு, அதே முதலாளியிடம் வேலைக்கு வந்து நின்றான்.

அன்று மதியம் ஒரு டீச்சரின் கார். மாலையில் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போக வேண்டும் என்று சொல்லிச் சாவியைத் தந்திருந்தார். விளக்கின் நிறம் தெரிவதற்காக ஷட்டரை இழுத்து மூடினார்கள். வெயில் அதன் கீழ்விளிம்பில் கத்திமுனை போல் நின்றுவிட்டது. உள்ளே கும்மிருட்டு; கிரீஸ் வாடை.

ஒட்டடை சுவிட்சைத் தட்டினான். ஃப்யூஸ் போயிற்று. இரண்டாவதும் போயிற்று.

"கம்பியை எடு," என்றார் முதலாளி.

"வேணாம் முதலாளி. சீட்டைக் கழட்டிப் பார்த்துடலாம். அடியிலதான் எங்கயோ உரசுது."

"பெரிய விஞ்ஞானி இவரு! அந்தம்மா நாலு மணிக்கு வந்து நிப்பாங்க. சீட்டைக் கழட்டி அவங்க தலையில வச்சு அனுப்புவியா?"

"ஏற்கெனவே ஒரு உயிர் போயிருக்கு."

"போனது உன் மாப்பிள்ளை. சொருகினது உன் கை. வெளியில வாயைத் திறந்தேன்னா, உள்ள போறது நீதான்டா."

முதலாளி தாமே கம்பியைச் சொருகினார். பானட்டைத் திறந்தபடியே விட்டு, ஓட்டுநர் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினார். சுவிட்சைத் தட்டினார்.

ஒரே சுவிட்ச் என்றால் பதினொன்றும் ஒரே நொடியில் எரிய வேண்டும்.

எரியவில்லை.

பின்னிருக்கையின் அடியில் ஒன்று மட்டும் எரிந்தது.

பிறகு, அதன் பக்கத்தில் ஒன்று.

யாரோ விரலால் தொட்டுத் தொட்டு முன்னே வருவது போல.

பொருத்தியவை நீலப் பட்டைகள். எரிந்ததோ சிவப்பு. கருகிய ரப்பரின் நெடி எழுந்தது. அதற்குள்ளிருந்து கருகிய முடியின் நெடி. ஒட்டடைக்கு அது தெரியும். பிணவறையில் போர்வையை விலக்கியபோது முகத்தில் அறைந்த நெடி.

நான்கு பூட்டுகளும் ஒருசேர விழுந்தன.

"டேய்! திறடா! கதவைத் திற!"

ஒட்டடை பாய்ந்து போய் பேட்டரியின் இரண்டு இணைப்பையும் பிடுங்கி எறிந்தான். விளக்குகள் அணையவில்லை. தரைவிரிப்பைக் கிழித்துக்கொண்டு வயர்கள் எழுந்தன. தோலுரிந்து, செக்கச் செவேலென்று கனன்று, முதலாளியின் கணுக்காலைச் சுற்றின, தொடையைச் சுற்றின, சுற்றிய இடமெல்லாம் எலும்புவரை இறங்கின. அவர் அலறிய அலறலில் ஷட்டர் அதிர்ந்தது.

ஒட்டடை இரும்புக் கம்பி ஒன்றை எடுத்துக் கண்ணாடியை ஓங்கி அடித்தான். மூன்றாம் அடியில் அது நொறுங்கியது. சில்லு கிழிக்கக் கிழிக்கக் கையை உள்ளே விட்டு, முதலாளியின் முன்கையைப் பற்றி இழுத்தான்.

தோல் மட்டும் கையோடு வந்தது.

பின்னிருக்கையில் யாரோ நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

"மச்சான்," என்று கிசுகிசுத்தது ஒரு கருகிய தொண்டை. "இவருக்குக் கண்ணாடியையே உடைக்கிறீங்க. எனக்கு வாயைக்கூடத் திறக்கலையே?"

கடைசி வயர் முதலாளியின் கழுத்தில் ஏறி இறுகியது. அலறல் பாதியில் அறுந்தது.

நான்கு மணிக்கு டீச்சர் இரண்டு பிள்ளைகளோடு வந்து ஷட்டரைத் தட்டினார். ஒட்டடை அதைத் தூக்கினான். காருக்குள் வெயில் விழுந்தது. இருக்கைத் துணியில் ஒரு நூல்கூடக் கருகவில்லை. இருந்தவர் மட்டும் கரி.

கிழிந்து வெந்த கையோடு அவன் முதலில் தங்கையிடம் போனான். எல்லாவற்றையும் சொன்னான். அவள் அழவில்லை.

"இதைச் சொல்ல மூணு மாசமாண்ணே?" என்று மட்டும் கேட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அங்கிருந்து காவல் நிலையம். "அந்தக் கம்பியைச் சொருகினது என் கைதான். எழுதிக்கங்க சார்."

"அதை விபத்துன்னு முடிச்சாச்சு. இதையும் அப்படியே முடிச்சிடுவோம். கைக்கு மருந்து போட்டுட்டுப் போய்யா."

டீச்சரின் கார் இன்றும் அந்த நிலையத்தின் பின்புறம் நிற்கிறது. பேட்டரி இல்லை, வயர் ஒன்றுகூட இல்லை. ஆனால் அதன் பக்கத்தில் நிறுத்தும் கார்களைக் காலையில் திறந்தால், பின்னிருக்கை ஓர் ஆள் உட்கார்ந்து எழுந்த அளவுக்கு அழுந்திக் கிடக்கிறது. தொட்டால் சுடுகிறது. ஒவ்வொரு நாளும் வேறொரு காரில்.

கேட்டீர்களல்லவா? இனி உங்களுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. இன்றைக்கே உங்கள் வண்டியின் பானட்டைத் திறவுங்கள். பேட்டரியிலிருந்து புறப்படும் ஒவ்வொரு வயரையும் பாருங்கள். ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடத்தில் கம்பி இருந்தால் பிடுங்கி எறியுங்கள். வைத்தவன் யாரென்று தெரு அதிரச் சொல்லுங்கள். வைத்தது உங்கள் கை என்றால், அதையும் சொல்லுங்கள். உயிரோடிருப்பவர் கேட்கும்போதே சொல்லுங்கள்!