மாமிடிக்கண்டிகையின் ஊமைக் கேசட்

பேசாத கேசட்டைப் பேசவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு பத்மாவதி வந்து நின்றது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். திருப்பதி எக்ஸ்சேஞ்சின் டிரங்க் அறையில் அப்போது வேலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத் முளைத்துவிட்ட தொண்ணூற்றொன்பதாம் வருஷத்து மே மாதம் அது. கால் புக் பண்ணிவிட்டுக் காத்திருக்க யாருக்கும் பொறுமையில்லை. சூபர்வைசர் தாட்சாயணி மட்டும் பழக்கதோஷத்தில் ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஆபரேட்டர் ரூபா.

அடுத்தவர் பேச்சை இணைத்து இணைத்தே தாட்சாயணிக்கு ஒரு தனிக் காது வாய்த்திருந்தது. மிரட்டல் போன் பேசிய ஒருவனை, அவன் முதுகுக்குப் பின்னால் சீறிய டீக்கடை பாய்லரை வைத்தே அவள் கண்டுபிடித்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு யாராவது ஒரு சிக்கலோடு வந்துகொண்டேதான் இருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ரூபா கூடவே ஓடினாள். பஸ்ஸில் இடம் பிடித்தாள், விசாரித்தாள், தப்புத்தப்பாக ஊகித்தாள். "நல்லா கவனிச்ச ரூபா" என்று தாட்சாயணி அக்கா ஒருமுறையாவது சொல்வாள் என்று வருஷக்கணக்காகக் காத்திருந்தாள். சொன்னதில்லை.

பத்மாவதி, வரதய்யபாளையத்துக்குக் கிழக்கே மாமிடிக்கண்டிகை கிராம நூலகத்தின் பொறுப்பாளர். லீவு நாட்களில் பதின்வயதுப் பிள்ளைகளைச் சேர்த்து அங்கே ஒரு வட்டம் நடத்துகிறாள்.

"எங்க ஊர் ஆம்பளைங்க பாதிப்பேரு குவைத்துல மேடம். அவங்க கேக்கறதுக்காகப் பசங்களை விட்டு ஊர்ச் சத்தத்தையெல்லாம் கேசட்டுல புடிச்சி அனுப்பறோம். கோயில் மணி, பால் சொசைட்டி சண்டை, எல்லாம். சங்கராந்திக்கு ஒண்ணு போச்சி. இந்தத் தடவ பெரிய பசங்க மூணு பேரு ஆளுக்கு ஒரு கேசட். அதுல நல்லா இருக்கறத திங்கக்கெழம திருப்பதி ரேடியோவுக்குக் குடுக்கணும். பேசின பிள்ளைய இளைஞர் நிகழ்ச்சிக்கு எடுத்துக்குவாங்க."

"யார் கேசட் இது?"

"தரணின்னு ஒரு பொண்ணு. அவ வாயத் தெறந்தா தெருவே நிக்கும். அவங்க நைனா நாகையா கூலி வேலை. 'ரேடியோவுல எடுத்துக்கினா இங்கியே தங்கி பத்துக்கு மேல இன்டர் படிக்கட்டும், இல்லன்னா ஜூன்ல செருப்புக் கம்பெனி வேலைக்கு வேன்ல ஏறட்டும்'னு சொல்லிட்டாரு. புதன்கிழமை காலைல கேசட்டை என் மேசை மேல வெச்சா. வியாழக்கிழமை போட்டுப் பார்த்தா உஸ்ஸுன்னுது. ஒரு வார்த்தை இல்ல. 'அவ பேசவே இல்ல, வெறுங்கேசட்டக் குடுத்துட்டு நாடகம் ஆடறா'ன்னு ஹேமநாத் எல்லார் எதிரிலயும் சொல்லிட்டான். அவனும் கேசட் குடுத்தவன். பொய்க்காரின்னு சொன்ன எடத்துல இனிமே பேசமாட்டேன்னு அவ வீட்டுல போய் உக்காந்துட்டா. மறுபடி பேசச் சொன்னாலும் மாட்டேங்கறா."

"ஹேமநாத்தான்" என்றாள் ரூபா உடனே. "பொறாமை அக்கா."

தாட்சாயணி கேசட்டை விளிம்போடு திருப்பிப் பார்த்தாள். மேல் விளிம்பின் சின்னப் பிளாஸ்டிக் தகடு உடைக்கப்பட்டிருந்தது.

"இதை உடைச்சது யாரு?"

"அதுதான் எங்க வழக்கம். பேசி முடிச்சதும் தகட்டை உடைச்சிடணும். அப்புறம் யாரும் தெரியாம மேல ரெக்கார்ட் பண்ண முடியாது."

"ஓட்டையை மூடினா பண்ணலாம்." தாட்சாயணி அந்த இடத்தை நகத்தால் தடவினாள். சதுர ஓட்டையைச் சுற்றி வட்டமாகப் பசை. பசையில் அரக்கு நிறத்தில் வெல்வெட் தூசி. "மூடியிருக்காங்க. அப்ப இது வெறுங்கேசட் இல்ல. அழிச்ச கேசட்."

அறையில் இருந்த டேப் ரெக்கார்டரில் கேசட்டைப் போட்டு, ஹெட்போனை இணைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். வெகுநேரம் அசையவில்லை. பிறகு ரூபாவிடம் நீட்டினாள்.

முதலில் இரைச்சல். அதற்குள்ளே ஒரு மின்விசிறியின் கடகடப்பு. யாரோ மிக அருகில் மூக்கை உறிஞ்சினார்கள். நெடுநேரம் கழித்து, எங்கோ தூரத்தில், மைக் வைத்து ஒரு பெண்குரல் எண்ணிக்கொண்டிருந்தது, பத்திலிருந்து கீழே. அது பூஜ்யத்துக்கு வந்த சில நொடிகளில் ஒரு கூட்டமே ஹோவென்று கத்தியது. கத்தல் ஓய்ந்தது. ஒரு நிமிஷத்துக்கும் மேல் போயிருக்கும். அப்புறம்தான் அந்த உறுமல் வந்தது. அதோடு பக்கத்தில் பாத்திரங்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன.

"ராக்கெட்!" என்றாள் ரூபா.

"ஸ்ரீஹரிகோட்டாவுலேர்ந்து புதன்கிழமை விட்டாங்களே!" பத்மாவதி எழுந்தே விட்டாள். "நூலக மாடியில எல்லாரும் பாத்துக்கினு இருந்தோம். தரணிதான் மைக்ல எண்ணினா. இதெப்பிடி இதுல?"

"அழிக்கறதுன்னா மேல இன்னொண்ணைப் பதியறதுதான். நூலக மெஷின்ல மைக் இருக்கா?"

"தனி மைக். ஒயர் மாட்டலன்னா ஒண்ணும் விழாது."

"அப்ப வேற மெஷின், உள்ளேயே மைக் இருக்கறது. ஒரு வீட்டுக்குள்ள, பாத்திர அலமாரி பக்கத்துல. மாடியில எல்லாரும் ஆகாசத்தைப் பாத்த நேரத்துல ஒருத்தர் கீழ இதைச் செஞ்சிருக்காங்க." தாட்சாயணி மறுபடி ஹெட்போனை மாட்டி, எண்ணும் குரல் வரும் இடத்தை இன்னொரு தரம் கேட்டாள். அவள் முகம் மலர்ந்தது. "அவ்வளவு தூரத்துலேர்ந்து வருது, ஒரு எழுத்து கலங்கலை பாரு. இந்தப் பொண்ணு நம்ம சுவிட்ச்போர்டுல உக்காந்திருந்தா எப்பிடி இருக்கும்!"

ரூபாவுக்கு நெஞ்சில் ஏதோ சுருக்கென்றது. முகம் பார்த்திராத ஒரு பதினைந்து வயதுப் பெண்மீது, அவளுக்கு நல்லது செய்யக் கிளம்பும் நேரத்தில் இப்படியா? ரூபா தன்னையே கடிந்துகொண்டாள். ஆனாலும் சுருக்கென்றது போகவில்லை.

"யாரோ சளி பிடிச்சவங்க" என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை காலை மாமிடிக்கண்டிகையில் பஸ் நின்றபோது நூலக வாசலில் மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள். தரணியை நாகையாவே அழைத்து வந்திருந்தார். கறுத்த, மெலிந்த பெண். நெற்றியில் சாந்துப் பொட்டு. யாரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹேமநாத் வளையம் வளையமாய் முடி சுருண்ட பையன். மூன்றாமவள் வெங்கடலட்சுமி, தரணியின் சிநேகிதி, எதிர்வீடு. அவள் அப்பா குவைத்தில். புதன்கிழமை ராத்திரி நியூசில் ராக்கெட்டைப் பார்க்கத் தெருவே அவள் வீட்டுக் கலர் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தது என்றாள் பத்மாவதி.

ஹேமநாத் முந்திக்கொண்டான். "நிஜங்கா, நெசமாத்தான் மேடம், எங்க வூட்டு டேப் செட்டு பெருசுதான். ஆனா பாட்டுதான் பாடும், ரெக்கார்டே ஆவாது. வந்து பாத்துக்கங்க."

"உன்னை யாருடா கேட்டது? குற்றமுள்ளவன் மாதிரி குதிக்கறியே" என்றாள் ரூபா.

"இருக்கட்டும் ரூபா." தாட்சாயணி பெஞ்சில் சாவகாசமாக அமர்ந்தாள். "நான் ராக்கெட்டே பார்த்ததில்லப்பா. எப்பிடி இருந்துச்சு? நீ சொல்லு."

ஹேமநாத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. "நான் தரணிக்கு மைக்கப் புடிச்சிக்கினு நின்னேன். ஜீரோ சொன்னா. பனமரத்துக்கு மேல சொய்ங்னு வெளிச்சம். ஒரே கத்தல். சத்தமே இல்லாம ஏறிக்கினே போச்சி, பொகையும் வளைஞ்சி போச்சி. அவ்ளோதான்னு எறங்கப் பாத்தா, அப்பறம் வர்து மேடம் சத்தம், கடகடகடன்னு! கீழ ஜன்னல்லாம் ஆடிச்சி."

"தரணி?"

"அவன் சொன்னதுதான்" என்றாள் தரணி சுவரிடம்.

"நீ, கண்ணு?"

வெங்கடலட்சுமி கைவிரல்களைப் பின்னிக்கொண்டாள். "சூப்பரா இருந்திச்சி மேடம். கடகடன்னு சத்தத்தோட நெருப்பக் கக்கிக்கினு எழும்பிச்சி. சத்தம் கேட்டுத்தான் நான் நிமிந்து பாத்தேன். அப்பிடியே புல்லரிச்சிப் போச்சி."

ஹேமநாத் ஏதோ சொல்ல வாயெடுத்தான். தாட்சாயணி கையமர்த்தினாள். ரூபா அந்தப் பெண்ணின் நெற்றியைப் பார்த்தாள். அரக்கு நிற வெல்வெட் ஸ்டிக்கர் பொட்டு.

தாட்சாயணி கேசட்டைக் கையில் எடுத்தாள். குரலை உயர்த்தவில்லை.

"தரணி பொய் சொல்லலை. தகட்டை உடைச்சித்தான் குடுத்திருக்கா. யாரோ ஓட்டையில ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி அழிச்சிருக்காங்க. அழிச்சது ராக்கெட் போன நேரத்துல. அந்த நேரத்துல தரணி மாடியில எண்ணினது இந்தக் கேசட்டுலயே விழுந்திருக்கு. பக்கத்துல மைக் பிடிச்ச ஹேமநாத்தும் இல்ல. இங்கேர்ந்து ஸ்ரீஹரிகோட்டா வெகு தூரம். வெளிச்சம் உடனே வரும், சத்தம் நடந்து வரும். மாடியில இருந்தவங்க எல்லாருக்கும் ராக்கெட் ஊமையா ஏறி மறைஞ்சப்புறம்தான் சத்தம். சத்தத்தையும் நெருப்பையும் ஒண்ணாப் பாக்கணும்னா அது டி.வி.யில மட்டும்தான் முடியும், லட்சுமி."

"ஆனா அவ மாடியில இருந்தாளே!" என்றாள் பத்மாவதி. "ராக்கெட் போனப்புறம் மோர் ஊத்தும்போது பக்கத்துலயே நின்னாளே!"

"மோருக்கு வந்துட்டா. அதுக்கு முன்னால நீங்க எல்லாரும் அரைமணி நேரமா மேல காத்துக்கிட்டு இருந்திருப்பீங்க. கேசட்டும் மேசை மேல இருந்தது, வீடும் எதிர்ல. குவைத்துலேர்ந்து வந்த டூ-இன்-ஒன் ரேடியோ ரெக்கார்டர் அதுல இருக்கும்."

வெங்கடலட்சுமி அழவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு எல்லாரையும் முறைத்தாள். நாகையா தலையில் கைவைத்தார். "ஐயோ அம்மா! ரெண்டும் ஒரே தட்டுல துன்னு வளந்ததுங்களாச்சே!"

"யாருன்னு எனக்குத் தெரிஞ்சுது" என்றாள் தாட்சாயணி, ரூபாவிடம் மெதுவாக. "ஏன்னுதான் தெரியலை. ரேடியோவுக்காகன்னா ஹேமநாத் கேசட்டும் அழிஞ்சிருக்கணுமே."

ரூபாவுக்குத் தெரிந்தது. எக்ஸ்சேஞ்சில் நெஞ்சில் தைத்த அதே முள் அவளுக்கு வழிகாட்டியது. யாரோ ஒருவர் புகழவேண்டும் என்று காத்திருந்து, அந்தப் புகழ் கண்ணெதிரே இன்னொருத்திக்குப் போவதைக் கேட்டவளால்தான் இதைச் செய்ய முடியும். போட்டியில் தோற்றவள் இப்படிச் செய்யமாட்டாள். அவள் வெங்கடலட்சுமியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"சங்கராந்தி கேசட்டுல நீயும் பேசியிருந்தே இல்ல? நைனா பதிலுக்கு என்ன சொன்னாரு?"

வெங்கடலட்சுமி பின்னிய விரல்களைப் பிரித்தாள்.

"அவரும் கேசட்டுலதான் பேசி அனுப்பினாரு. 'நாகையா பொண்ணு இன்னாமா பேசுது! ரூம்ல எல்லாரும் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டோம், அழுவாதவன் இல்ல'ன்னாரு. அம்மாவுக்கு, ஆட்டுக்கு, மோட்டார் ரிப்பேருக்கு, அல்லாத்துக்கும் சொன்னாரு." அவள் மூச்சை இழுத்தாள். "நான் அதே கேசட்டுல அவுருக்குன்னு பாட்டே பாடினேன்க்கா. பாட்டப் பத்தி ஒரு வார்த்த கேக்கல. இதுவும் குவைத்துக்குப் போச்சின்னா இதையும் போட்டுக் கேப்பாரு. அவரு எங்க நைனா."

ஹேமநாத் வாசல்படியைப் பார்த்தான்.

"அழிக்கறப்ப நீ எழுந்து போயிருக்கலாம்" என்றாள் ரூபா. "போகலை. மெஷின் பக்கத்துலயே உக்காந்து அழுதிருக்கே. கேசட்டுல இருக்கு. நான் சளின்னு நெனச்சேன்."

தாட்சாயணி சட்டென்று நிமிர்ந்து ரூபாவைப் பார்த்தாள்.

தரணி முதல்முறையாகச் சுவரை விட்டுத் திரும்பினாள். "எங்க, குடுங்க" என்று கேசட்டை வாங்கினாள். நூலக மெஷினில் போட்டு, ஹெட்போனை வைத்துக் கேட்டாள். எல்லாரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். தன் குரல் தூரத்தில் எண்ணுவதையும், அதற்கு முன்னால் பக்கத்தில் ஒருத்தி மூக்கை உறிஞ்சுவதையும் அவள் கேட்டிருக்க வேண்டும். கேட்டு முடித்து ஹெட்போனைக் கழற்றினாள்.

"இவ அழுதா இப்பிடித்தான் எருமை மாதிரி உறிஞ்சுவா" என்றாள். சிரிக்கவில்லை. "டேய் ஹேமா, என்னைப் பொய்க்காரின்னியே."

"தப்புதான்" என்றான் ஹேமநாத் தரையிடம்.

"மேடம், புது கேசட் குடுங்க. மறுபடி பேசறேன். இதையும் வெச்சிக்கினு பேசறேன். ராக்கெட்டுக்கு எங்கூரு சட்டி பானை ஆடற சத்தம் யாருகிட்டயும் இருக்காது." வெங்கடலட்சுமியின் பக்கம் பார்க்காமலே சொன்னாள்: "அது உங்க வூட்டுப் பாத்திரம். வேணாம்னா சொல்லு."

வெங்கடலட்சுமி தலையை மட்டும் ஆட்டினாள், போடு என்பதுபோல.

"பேரு சொல்லிடுவேன், யாரு வூட்டுப் பாத்திரம்னு. உங்க நைனா கேக்கட்டும். ஆனா உன்கூட இப்போதிக்கிப் பேசமாட்டேன்."

தரணி பேசுவதற்காக நூலகக் கதவு சாத்தப்பட்டது. கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து அந்தக் குரல் எழுந்தது. மாமிடிக்கண்டிகைக்குப் பொழுது விடிவதைச் சொல்லத் தொடங்கியது. நாகையா வாசலில் துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். ஜூன் மாதத்து வேனைப்பற்றி அவர் இனிப் பேசப்போவதில்லை என்று ரூபாவுக்குப் பட்டது. குரல் நன்றாகத்தான் இருந்தது. கேட்கக் கேட்க ரூபாவுக்கு இன்னும் கொஞ்சம் வலித்தது. ஆனால் காதை எடுக்கத் தோன்றவில்லை.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை ரூபா அக்காவுக்கே விட்டாள். காளஹஸ்தி தாண்டியதும் தாட்சாயணி வெளியே பார்த்தபடியே சொன்னாள்:

"அந்த மூக்குறிஞ்சலை நானும் சளின்னுதான் விட்டுட்டேன். அழுகைன்னு நீதான் கண்டுபிடிச்சே. நல்லா கவனிச்ச, ரூபா."

பஸ் இரைச்சல் ஒன்றும் அவ்வளவு பெரிதில்லை. ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகத்தான் விழுந்தது.

"இன்னாக்கா? கேக்கல" என்றாள் ரூபா.