உயிர்வேலிக்கு உள்ளே

மேட்டுப்புதூரில் காலையில் வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டதும் வலது கையை எறும்புப் புற்றுக்குள் விடுவார்கள். வாசல் தூணில் அதற்கென்று ஒரு துளை இருக்கும். உள்ளிருக்கும் செந்நிறக் காவலெறும்புகள் மணிக்கட்டு வரை ஏறி, மோந்து பார்த்து, இறங்கிப் போகும். பிறகு வாசற்படியில் அடைசலாகக் கிடக்கும் எறும்புகள் இரண்டாகப் பிரிந்து வழிவிடும். இதற்கு ‘மணம் கொடுப்பது’ என்று பெயர். அந்தச் சில நொடிகளில் சிலர் செய்தி கேட்பார்கள். சிலர் பல்லிடுக்கில் சிக்கிய கறிவேப்பிலையை நாக்கால் துழாவுவார்கள். சங்கரலிங்கம், மனைவியிடம் சொல்ல மறந்ததையெல்லாம் சொல்லி முடிப்பான்.

“கோதை, மாடிக் குழாய்கிட்ட செந்தட்டி தளிர் விட்டிருக்கு. பிடுங்கிடு. கையுறை போட்டுக்கோ, போன தடவை மாதிரி தடிச்சுக்கப் போகுது.”

“இன்னிக்கு நான் வேலைல சேரணும்.”

“தெரியும், தெரியும். நல்லபடியாப் போயிட்டு வா. வந்து பிடுங்கிக்கலாம்.” கையை வெளியே எடுத்து உதறினான். “மதியத்துக்கு டப்பால என்ன?”

“எலுமிச்சம் சாதம்.”

அவனுக்குப் பின்னால் மகள் நறுமுகை கையை விட்டாள். இருவரும் வண்டியில் ஏறிப் போனார்கள்.

கடல் மேலேறிக் கீழூர்களை விழுங்கிய பிறகு மேட்டுக்கு வந்து குடியேறியவர்களின் ஊர் அது. எந்த மின்பூட்டையும் திறக்கத் திருடர்கள் கற்றுக்கொண்டுவிட்ட காலம். எறும்பை மட்டும் யாராலும் ஏமாற்ற முடியவில்லை. தீயெறும்பின் மரபணுவைத் திருத்திக் காவலெறும்பை உண்டாக்கினார்கள். தொட்டால் அரிக்கும் செந்தட்டிக் கொடியைத் திருத்தி, ஆள் உயரத்துக்கு வளர்ந்து வீட்டைச் சுற்றிக்கொள்ளும்படி செய்தார்கள். கொடியின் உள்ளீடற்ற தண்டுக்குள் எறும்புகள் குடியிருந்தன. கொடி எறும்புக்குத் தேன் தந்தது, எறும்பு கொடிக்குக் கண்ணாக இருந்தது. இரண்டும் சேர்ந்ததே உயிர்வேலி.

விற்றவர்கள் சொல்லாத தொல்லைகளும் இருந்தன. குளியலறைத் தரையைப் பிளந்துகொண்டு தளிர் வரும். காயப்போட்ட துணியில் சுணை ஒட்டி உடம்பெல்லாம் அரிக்கும். சர்க்கரை டப்பாவுக்கு எறும்பு வரிசை கட்டும். அவற்றைக் கொல்லக் கூடாது, கொன்றால் வேலி கோபித்துக்கொள்ளும். பெருக்கி, அள்ளி, பதமாகக் கொண்டுபோய் வேரடியில் விட வேண்டும். இந்த வேலையெல்லாம் பூங்கோதையுடையது. ஒவ்வொரு தண்டிலும் எத்தனை கணு என்றுகூட அவளுக்குத் தெரியும். எறும்புகள் அவளை ஒருநாளும் கடித்ததில்லை. அதில் அவளுக்கு ரகசியமான ஒரு பெருமை இருந்தது.

வேதியியல் படித்திருந்தாள். நறுமுகை பிறக்கும் வரை வேலைக்கும் போனவள்தான். இப்போது மேட்டுக்குக் கீழே, கடல்நீர் ஆய்வகத்தில் உதவியாளர் இடம் கிடைத்திருந்தது. பத்து மணிக்குள் நேரில் போய் விரல்ரேகை பதிக்க வேண்டும். தவறினால் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். நேற்று முழுக்க அந்த வாய்ப்பை நாக்கில் வைத்துச் சுவைப்பது போலச் சுவைத்துக்கொண்டிருந்தாள்.

புடவையைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு வந்தாள். தூணுக்குள் கையை விட்டாள். எறும்புகள் ஏறின, மோந்தன, இறங்கின.

படியில் கிடந்தவை பிரியவில்லை.

இன்னொரு முறை கையை விட்டாள். இந்த முறை கொடித் தண்டுகளிலிருந்தும் எறும்புகள் இறங்கி வந்து, படியின் குறுக்கே சிவப்பாக ஒரு கோடு போட்டன. அவள் கோட்டைத் தாண்டிக் காலை வைத்தாள். அவை பாதத்தில் ஏறி விரல்களைப் பற்றிக்கொண்டன. கடிக்கவில்லை. தரையில் சிதறிய தங்கள் முட்டையைக் கவ்வித் தூக்கும் அதே பக்குவம். வேலிக் கொடியொன்று சாய்ந்து, சுணைகளை மடக்கிக்கொண்டு, அவள் தோளைத் தொட்டு உள்பக்கமாகத் தள்ளியது. வலியே இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

கணவனை அழைத்தாள்.

“கடிச்சுதா?” என்றான் அவன்.

“இல்ல. விடமாட்டேங்குது.”

“கடிக்கலைல்ல? அப்புறம் என்ன? வேலிக்காரங்க ஞாயித்துக்கிழமை வருவாங்க, சொல்லிப் பாக்கலாம்.”

“பத்து மணிக்குள்ள போகணுங்க. நீங்க வந்து வண்டில கூட்டிட்டுப் போங்களேன்.”

“இன்னிக்கு வந்து கூட்டிட்டுப் போவேன். நாளைக்கு? தினமும் உன்னைக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிட்டு வர முடியுமா, நீயே சொல்லு.” அவன் குரலில் கோபம் இல்லை. கனிவுதான் இருந்தது. “வீட்ல ஏசியப் போட்டு நிம்மதியா இரு. உடம்பை அலட்டிக்காத.”

பூங்கோதை போனை வைத்தாள். தோளைத் தொட்ட கொடிக்கும் இந்தக் குரலுக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்தாள். பிறகு வேலி நிறுவனத்தைத் தானே அழைத்தாள்.

பக்கத்துத் தெருவில் இருந்த வேலிமருத்துவர் வந்தாள். முப்பது வயதிருக்கும். செலின் என்று பெயர் சொன்னாள். கேட்டுக்கு வெளியே நின்றபடியே நீண்ட குழாயொன்றைக் கொடிக்குள் செருகி, கையிலிருந்த திரையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தாள்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. கடைசியா எப்ப இந்த வாசல் வழியாத் தனியா நடந்து போனீங்க?”

கல்யாணங்கள், ஆஸ்பத்திரி, கோயில், கடல் பார்க்கப் போனது எல்லாம் நினைவுக்கு வந்தன. எல்லாவற்றிலும் அவள் வண்டியின் இடப்பக்க இருக்கையில் இருந்தாள். காய்கறியும் மருந்தும் பறவைவண்டியில் மாடிக்கே வந்துவிடும்.

“வேலி நட்டப்ப மணம் கொடுத்தீங்களா?”

“நட்டவங்களுக்கு அன்னிக்கு வடை சுட்டுட்டிருந்தேன். அவர்தான் ‘அவ எங்க வெளிய போறா, அப்புறம் சேத்துக்கலாம்’னார்.”

“அதான்.” செலின் திரையை அவள் பக்கம் திருப்பினாள். “எறும்புக்கு மூணே மூணு கணக்குதான். வீட்டார், அந்நியர், உடைமை. தன் கால்ல போயிட்டு வர்றவங்க வீட்டார். உள்ளயே கிடக்கறது, வீட்டார் கொண்டுபோனாத்தான் வெளிய போறது, அதெல்லாம் உடைமை. சோபா, ஃபிரிட்ஜ், கேஸ் அடுப்பு... அந்த வரிசைல நீங்களும் இருக்கீங்கக்கா. உங்களை அதுக்கு ரொம்ப நல்லாத் தெரியும். திருட்டுப் போயிடக் கூடாதுன்னு காவல் காக்குது.”

“யார் திருடறா?”

“நீங்கதான். உங்களை நீங்களே எடுத்துட்டுப் போகப் பாத்தீங்கல்ல?”

பூங்கோதைக்குச் சிரிப்பு வந்தது. எறும்புகள் கடிக்காததைப் பாசம் என்று நினைத்திருந்தாள்.

“ரிப்பேர் பண்ணு தாயி.”

“ரிப்பேர் இல்லையேக்கா. வேலி சரியாத்தான் வேலை செய்யுது. நாங்க எதையும் சொல்லித் தர்றதில்ல. வீட்ல நடக்கறதைப் பாத்துத் தானாக் கத்துக்கும். ஐப்பசி மழைக்கு ராணி மாறும், அப்பத்தான் அது மறுபடி புதுசாக் கத்துக்கும்.”

“மத்த வீடுகள்ல?”

செலின் குரலைத் தாழ்த்தினாள். “இந்தத் தெருவுல பாதி வீட்ல இதே கதைதான். அவங்களுக்குத் தெரியாது. வாசல்ல கால் வெச்சாத்தானே தெரியும்?”

எதிர்வீட்டு மாடியில் ஒருத்தி ஏதோ பாட்டை முனகியபடி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நேற்று வரை தானும் இப்படித்தான் சுதந்திரமாக இருந்ததாகப் பூங்கோதை நினைத்துக்கொண்டாள்.

“ஒரு வழி இருக்கு,” என்றாள் செலின். “அந்நியர் உள்ள வந்தாத்தான் எறும்பு கடிக்கும். வெளிய போனாத் தடுக்காது, ஒழிஞ்சுதுன்னு விட்டுடும். நீங்க அந்நியராகணும். இந்த வீட்டு மணம் துளிகூட இருக்கக் கூடாது.”

“திரும்பி வர்றப்போ?”

“அந்நியர்தான். வீட்டார் யாராவது விருந்தாளின்னு பதிஞ்சு உள்ள விடணும். கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தா மறுபடி உடைமையாயிடுவீங்க, அதை மட்டும் பாத்துக்கோங்க. சார் பதிஞ்சு விட்டுடுவார்ல?”

“அதை அப்புறம் பாத்துக்கலாம் தாயி,” என்றாள் பூங்கோதை, தெருவைப் பார்த்தபடி.

செலின் கேட்டுக்கு மேலாக நீட்டிய மணநீக்கிப் புட்டியையும், தன் பையிலிருந்து எடுத்துத் தந்த வேலிக்காரர்களின் நீல உடுப்பையும் வாங்கிக்கொண்டு பூங்கோதை உள்ளே போனாள். முடியிலிருந்த எண்ணெயைத் திரும்பத் திரும்ப அலசினாள். நகக்கண்ணில் ஏறியிருந்த மஞ்சளையும் பெருங்காயத்தையும் தேய்த்து எடுத்தாள். அலசிய தண்ணீரெல்லாம் போன பிறகு, தன் மணம் என்று எதுவாவது மிஞ்சியிருக்கிறதா என்று புறங்கையை மோந்து பார்த்தாள். இருந்தது போலவும் தோன்றியது, இல்லாதது போலவும் தோன்றியது.

நீல உடுப்பில் அவள் படியில் கால் வைத்தபோது எறும்புகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இத்தனை வருடம் அவள் வேரடிக்கு அள்ளிக்கொண்டுபோய் விட்டவை. அந்த அலட்சியம் வலித்தது. கதவு திறக்கும்போதும் வலிக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. தெருவில் பத்தடி போன பிறகுதான் நடையில் வேகம் வந்தது.

பத்து மணிக்குள் ஆய்வகத்தில் விரல்ரேகை பதித்துவிட்டாள். ஒரு மேசையும், உப்பளவு பார்க்கும் கருவியும், வாயாடியான பக்கத்து மேசைக்காரியும் கிடைத்தார்கள். மாலையில் திரும்பி வந்தபோது கணவனும் மகளும் கேட்டின் உள்ளே நின்றிருந்தார்கள். எறும்புகள் வாசற்படியில் கொடுக்குகளைத் தூக்கிக் காத்திருந்தன.

“இதென்ன கோலம்?” என்றான் சங்கரலிங்கம். “வா, கையைக் கொடு, கூட்டிட்டுப் போறேன்.”

அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். “விருந்தாளின்னு பதிஞ்சு விடுங்க.”

“என் பொண்டாட்டியை நானே விருந்தாளின்னா? தெருவே பாக்குது கோதை.”

“பாக்கட்டும்.”

“அப்பா, பதிஞ்சு விடுங்கப்பா,” என்றாள் நறுமுகை. “எவ்வளவு நேரம்தான் நிக்கிறது?”

அவன் தூணுக்குள் கையை விட்டான். விருந்தாளியைப் பதியும்போது மட்டும் பேசும் தூண் பேசியது. “விருந்தாளியின் பெயர்?” பெயரைச் சொன்னான். “எப்போது கிளம்புவார்?”

சங்கரலிங்கம் அவளைப் பார்த்தான்.

“காலைல எட்டு மணிக்கு,” என்றாள் பூங்கோதை.

எறும்புகள் பிரிந்தன. தானாக நடந்து உள்ளே வந்தாள். விருந்தாளியாக வருகிறவர்களுக்குச் செய்து பழகியதால், நறுமுகை யோசிக்காமலே செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். சங்கரலிங்கம் மின்விசிறியைப் போட்டான். “உக்காரு,” என்றவன், தடுமாறி, “உக்காருங்க” என்றும் சொல்லிவிட்டான். மகள் சிரித்தாள். கூடத்து நாற்காலியிலிருந்து வீடு வேறு மாதிரி தெரிந்தது. ஜன்னல் இவ்வளவு பெரிதா?

தண்ணீரைக் குடித்து முடித்ததும் பழக்கத்தில் எழுந்தாள். அரிசி களைய வேண்டும். சமையலறை நிலைப்படியில் கால் வைத்தபோது சுரீரென்றது. வாழ்க்கையில் முதல் கடி. குனிந்து பார்த்தாள். நிலைப்படியின் குறுக்கே சிவப்பாக ஒரு கோடு.

“விருந்தாளி கூடத்தைத் தாண்டக் கூடாதுன்னு நீங்கதானேப்பா வெச்சீங்க?” என்றாள் நறுமுகை. “வேலி நட்டப்ப. திருட்டுப் பயம்னு.”

பூங்கோதை திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்து, கடிபட்ட விரலைத் தடவிக்கொண்டாள்.

சங்கரலிங்கம் நிலைப்படிக்கு வந்து நின்றான். எறும்புகள் அவனுக்கு மரியாதையாக ஒதுங்கி, அடுப்பு வரைக்கும் அகலமாக வழிவிட்டன. அவன் அந்த வழியை வெகுநேரம் பார்த்தான். உள்ளே போகவில்லை.

“வேலிமருத்துவர் நம்பர் இருக்கா?” என்றான் கடைசியில். “உடனே வரச் சொல்லணும். அவசரம்.”