ஆணியில் இல்லாத மழைக்கோட்டு

கொட்டகை ஆணியில் குணாளனின் மழைக்கோட்டு இல்லை.

மழை பிடித்தால் காய்ந்த கோட்டு எது கண்ணில் படுகிறதோ அதை மாட்டிக்கொண்டு இறங்குவது எஸ்டேட்டில் எல்லோருக்கும் பழக்கம்; யாரும் யாரையும் கேட்பதில்லை. அது தெரிந்தும் அந்தக் கோட்டைப் பொது ஆணியில் மாட்டிய தன் புத்தியை அவன் செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

வெளியே மூடுபனி தேயிலைச் சரிவை விழுங்கிக்கொண்டிருந்தது. பனிக்குள்ளிருந்து ஈர இலையின் பச்சை வாசனையும், கொழுந்து பறிக்கும் பெண்களின் பேச்சும், செடியைக் கவாத்து வெட்டும் இயந்திரத்தின் கரகரப்பும் கலந்து வந்தன. அதை ஓட்ட ஆள் கிடையாது. எதிரே யாராவது வந்தால் அதன் கேமரா கண்டுகொண்டு, "ஓராங்" என்று, அதாவது 'ஆள்' என்று, மலாயில் சொல்லி, அவர் விலகும்வரை நின்றுவிடும். எஸ்டேட் கேட்டில் வெளியே போகிறவர்களைப் பிடிப்பதும் அதே மாதிரிக் கேமராதான். அதை ஏய்க்கத்தான் குணாளன் பிரிஞ்சாங் டவுனில் தன் கோட்டில் திட்டுத்திட்டாக நிறங்களை அச்சடித்து வாங்கினான். மனிதக் கண்ணுக்கு அது கோமாளி வேஷம். கேமராவுக்கோ, அந்தக் கோட்டுக்குள் ஆளே இல்லை. அதைப் போட்டுக்கொண்டு வேலை நேரத்தில் நழுவி, கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரி விற்றுவந்தான்.

கங்காணி தர்மாவிடம் கோட்டைப் பற்றிக் கேட்டான்.

"மோகனா போட்டுக்கிட்டு எறங்குச்சு. ஒம் பொண்டாட்டிதானே, விடுலா."

இயந்திரத்தை நிறுத்தும் ரிமோட் தர்மாவின் கையில் இருந்தது. நிறுத்தச் சொன்னால் ஏன் என்பார். காரணம் சொன்னால் துரை காதுவரை போகும். வேலையும் லைன் வீடும் போகும். எல்லாவற்றுக்கும் மேல், மோகனாவுக்கு அவன் தில்லுமுல்லு தெரிந்துவிடும். அவமானம் நாக்கைப் பிடித்துக்கொண்டது.

"மெஷின கொஞ்சம் நிப்பாட்டுங்கண்ணே."

"ஏன்?"

"சும்மாத்தான்லா."

ஆளைப் பார்த்தால் அதுவே நிற்கும் என்று தர்மா சிரித்தார்.

கீழே, "ஓராங்." கரகரப்பு நின்றது. ஒருத்தி விலகிப் போனாள். மறுபடி கரகரப்பு.

"ஓராங்." நின்றது.

பிறகு மோகனாவின் குரல், யாரையோ கூப்பிட்டபடி. இயந்திரத்துக்கு நேர் எதிரே.

கரகரப்பு நிற்கவில்லை.

குரல் நின்றது.

அப்போதும் அவன் சொல்லவில்லை. ஓடினான். ஈரக் கிளைகள் காலைக் கிழித்தன. பனி விலகியது. இயந்திரம் அவனை நோக்கி வந்துகொண்டிருந்தது. கத்தியில் வண்ணத் துணி சுற்றியிருந்தது. கோட்டின் கை. அதன் நுனியில், உடையாமல், ஒரு கண்ணாடி வளையல்.

அவனுக்கு முன்னால் இயந்திரம் பணிவாக நின்றது. பச்சை வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்தது.

"ஓராங்," என்றது.